யாருக்கு அனுப்பினே?

மந்தைவெளி,
ஞாயிற்றுக்கிழமை, அஸர் தொழுகைக்குப் பிறகு.

என் சாய்மாவுக்கு,

அம்மாவின் ஸலாம். எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் "ம்" என்று ஒற்றை எழுத்தில் பதில் வரும். அதனால் கேட்காமலே ஆரம்பிக்கிறேன். போனில் உன் அத்தா பேச்சை எடுத்தாலே "அம்மா, மீட்டிங் இருக்கு" என்று வைத்துவிடுகிறாய். ஞாயிற்றுக்கிழமைகூட உனக்கு மீட்டிங். காகிதத்தை நடுவில் கட் பண்ண முடியாது பார், அதனால்தான் இந்த வயதில் பேனாவும் தாளுமாக உட்கார்ந்திருக்கிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் சிரிக்காதே, மளிகைச் சாமான் தவிர வேறு எதையும் எழுதி எத்தனையோ வருஷமாகிவிட்டது.

இங்கே எல்லாம் வழக்கம்போல்தான். மெட்ரோக்காரர்கள் தெருவைத் தோண்டிப்போட்டு, ஆட்டோக்காரர்கள் மந்தைவெளி என்றாலே தலையை ஆட்டுகிறார்கள். லஸ்ஸுக்குப் போய் ஒரு ரவிக்கைத் துணி எடுத்து வருவதற்குள் உயிர் போகிறது. உன் மாமா மகன் ஹஸனின் குழந்தைக்குப் பல் முளைக்கிறது, பார்ப்பவர்களை எல்லாம் கடித்து வைக்கிறது. உன் அறையைப் பெருக்கித் துடைத்து அப்படியேதான் வைத்திருக்கிறேன். பாண்டி பஜார் கடையில் பட்டன், லேஸ் வியாபாரம் ஏதோ ஓடுகிறது. உன் அத்தாதான் மதியத்துக்கு மேல் கடையில் இருப்பதில்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் என் சண்டையைப் போட்டுவிடுகிறேன். வரும் வெள்ளிக்கிழமை நீ கோலாலம்பூர் போகிறாய், இரண்டு வருஷம் அங்கேதான் வேலை என்று ஹஸன் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. பெற்றவளுக்கு அண்ணன் மகன் வந்து சொல்ல வேண்டியிருக்கிறது! நன்றாயிருக்கிறது போ. இரண்டு நாள் உன்மேல் எரிச்சலாக இருந்தேன். அப்புறம் அழுகையாக வந்தது. போய் வா கண்ணு, நான் தடுக்கப்போவதில்லை. பெங்களூருக்குப் போனபோதும் நான் தடுக்கவில்லை, அதற்காக இன்றுவரை வருத்தப்படுகிறேன், ஆனாலும் தடுக்க மாட்டேன். உன் அத்தாவிடம் ஒரு வார்த்தை பேசாமல் மட்டும் விமானம் ஏறிவிடாதே. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

நீ கோபப்படுவது நியாயம்தான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆம்பூரிலிருந்து, உனக்குப் பேசியிருந்த மாப்பிள்ளையின் அக்கா அந்தப் படத்தை அனுப்பினாளே, எலுமிச்சை நிற துப்பட்டாவில் நீ, கீழே "என்னோடு பேச வேண்டுமா, இங்கே அழுத்துங்கள்" என்று எவனோ ஒரு பொறுக்கி போட்ட விளம்பரம். அதைப் பார்த்துவிட்டு உன் அத்தா உன்னிடம் முதலில் கேட்டது என்ன? "யாருக்கு அனுப்பினே?" அதுவும் என் அண்ணன் அப்துல் சமத் பக்கத்தில் உட்கார்ந்திருக்க. நீ ஒரு பேச்சும் பேசாமல் போனைத் திறந்து அவர் கையில் வைத்தாய். அதை அவர் வாங்காமலாவது இருந்திருக்கலாம். வாங்கி, இரண்டு நாள் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகப் பார்த்தார். நான் கத்தின கத்தலில் மாடி வீட்டு ஆலிஸ் டீச்சர் இறங்கி வந்துவிட்டார். என் கத்தல் உன் அத்தா காதில் ஏறவே இல்லை. மூன்றாம் நாள் நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெங்களூருக்குப் போய்விட்டாய்.

நம் ஜமாஅத் வரன் பார்க்கவென்று தொடங்கின ரிஷ்தா இணையதளத்திலிருந்துதான் படம் போனது என்பது வரைக்கும் உனக்குத் தெரியும். எப்படிப் போனது என்று உனக்கு யாரும் சொல்லவில்லை, நீயும் கேட்கவில்லை. நீ போன மறுநாள் ஹஸன் வந்து சமையலறையில் தரையில் உட்கார்ந்து சொன்னான். அவன் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன், தப்பிருந்தால் நீயே திருத்திக்கொள்.

தளம் வருவதற்கு முன் ஜமாஅத்துப் பெண்பிள்ளைகளின் படங்கள் என் கைப்பையில்தான் இருக்கும். மாப்பிள்ளை வீட்டுப் பெண்களிடம் மட்டும் காட்டி, அவர்கள் பார்த்து முடித்ததும் கையோடு வாங்கி வந்துவிடுவேன். ஆண்கள் கண்ணில் படக் கூடாது, எந்த வீட்டிலும் தங்கவும் கூடாது. அந்த முறை கெடாமல் தளத்தைச் செய்து கொடு என்றுதான் ஜமாஅத் செயலாளராக உன் அத்தா ஹஸனிடம் கேட்டார். அவனும் ஒழுங்காகத்தான் செய்தான். பெண்கள் பகுதிக்குத் தனி பாஸ்வேர்டு. படமோ பயோடேட்டாவோ அனுப்புகிறவர் பேர், நம்பர் கொடுத்துப் பதிந்துகொள்ள வேண்டும். வருவது நிஜமாகவே படமோ பயோடேட்டாவோதானா என்று தளமே பார்க்கும். பிறகு நாம் சரி என்றால்தான் உள்ளே போகும்.

அது யாருக்குப் பொறுத்தது? மேற்கு மாம்பலம் தபஸ்ஸும் இருக்கிறாளே, மூன்று பெண்ணைப் பெற்றவள், அவள் நேரே கடைக்கே வந்துவிட்டாள். "பொண்ணைப் பெத்தவ வாசல்ல நின்னு பேரு சொல்லு, நம்பர் சொல்லுன்னா எப்படி பாய்? நாங்க என்ன கடன் கேட்டா வந்தோம்?" என்று வாடிக்கையாளர்கள் முன்னாலேயே பொரிந்து தள்ளினாள். உன் அத்தாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. பெண் வீட்டாரை நிற்க வைத்துக் கேள்வி கேட்பது நம் வழக்கத்தில் இல்லை என்று சொல்லி, பதிவையும் சரிபார்ப்பையும் எடுத்துவிடச் சொன்னார். ஆளுக்கொரு மாதிரி பயோடேட்டா அனுப்புகிறார்கள், எது வந்தாலும் தளம் வாங்கிக்கொள்ளட்டும் என்றும் சொன்னார். ஹஸன், "மாமா, யார் வேணா எது வேணா உள்ள போட்டுடலாம், ஆபத்து" என்றானாம். அதற்கு உன் அத்தா, "நம்ம ஜமாஅத்துல திருடன் யாருடா?" என்றாராம்.

பார்த்தாயா அவர் மூளையை! தளம் என்றால் பள்ளிவாசல் ஹால் என்று நினைத்துக்கொண்டார். நம் ஆட்கள் மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருவார்கள் என்று எண்ணம். உலகத்தில் இருக்கிறவன் எல்லாம் அந்த வாசலைத் தட்டிப் பார்ப்பான் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. எனக்கும் தோன்றவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். பையைத் தூக்கிக்கொண்டு அலைகிற வேலை விட்டதே என்று கால் நீட்டி உட்கார்ந்தவள்தானே நான்.

எவனோ பயோடேட்டா என்று ஒன்றை அனுப்பியிருக்கிறான். பேரைப் பார்த்தால் பயோடேட்டாதான். உள்ளே இருந்தது ஒரு புரோகிராம். அது உங்கள் படங்கள் கிடந்த அதே ஃபோல்டரில் போய் உட்கார்ந்துகொண்டது. வெளியிலிருந்து அவன் அதன் விலாசத்தைத் தட்டியதும் அது ஓட ஆரம்பித்து, அங்கே இருந்ததை எல்லாம் வாரி அவனிடம் கொடுத்துவிட்டது. பாஸ்வேர்டு இருந்ததே என்று கேட்டேன். "அது பக்கத்துக்குப் போட்ட பூட்டு மாமி, ஃபோல்டருக்கு இல்ல" என்றான் ஹஸன். வருகிற ஃபைலின் பேரை நம்பக் கூடாதாம், பிரித்துப் பார்க்க வேண்டுமாம். உள்ளே வந்தது எதுவானாலும் ஓட முடியாத இடத்தில் வைக்க வேண்டுமாம். இதெல்லாம் தெரிந்தும் மாமா சொன்னதற்காகத் தலையாட்டிவிட்டேனே, ஒரு சண்டையாவது போட்டிருக்க வேண்டாமா என்று சொல்லிச் சொல்லி அழுதான். தரமணியில் அத்தனை பெரிய கம்பெனியில் வேலை பார்க்கிறவன், என் வெங்காயக் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதான்.

உன் அத்தா கூடத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். உன் போன் இரண்டு நாள் கிடந்த அந்த மேஜையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து வந்து ஹஸனிடம், "எத்தனை வீட்டுப் பொண்ணுங்கடா?" என்று மட்டும் கேட்டார்.

ஜமாஅத்தில் கூடிப் பேசினார்கள். தளத்தை மூடினார்கள், சைபர் கிரைமில் புகார் கொடுத்தார்கள். சில படங்களை அந்த விளம்பரங்களிலிருந்து எடுத்துவிட்டார்கள், சில இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. தலைவர் அப்துல் கஃபார் உன் அத்தாவிடம், "பாதி வீட்டுக்கு விஷயமே தெரியாது கரீமுல்லா, நாமளே போய் எதுக்குக் கிளறணும், பொண்ணுங்க பேரு கெட்டுடும்" என்றாராம். எல்லோருக்கும் அதுதான் சரியாகப் பட்டது. உன் அத்தா செயலாளர் பொறுப்பை எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். அன்றிலிருந்து தினமும் மதியத்துக்கு மேல் கடையைப் பையன்களிடம் விட்டுவிட்டு, படம் போன ஒவ்வொரு வீட்டுக்கும் நேரில் போகிறார். போனில் சொல்வதில்லை, ஆள் அனுப்புவதில்லை. வாசலில் நின்று, உங்கள் வீட்டுப் பெண்ணின் படம் வெளியே போய்விட்டது, அது என்னால் போனது, பெண்மேல் ஒரு தப்பும் இல்லை என்று சொல்கிறார். திட்டினால் வாங்கிக்கொண்டு வருகிறார்.

நானும் சில வீடுகளுக்குக் கூடப் போனேன். அடையாறில் ஒரு வீட்டில் கதவையே திறக்கவில்லை, உள்ளே டிவி சத்தம் மட்டும் கேட்டது. அடுத்த நாளும் போய் நின்றார். தபஸ்ஸும் வீட்டில் அவள் கத்தவே இல்லை, அதுதான் பயமாக இருந்தது. "வாசல்ல நிக்க வெக்காதீங்கன்னுதான் பாய் சொன்னேன். சந்தையில நிக்க வெங்கன்னு சொல்லலியே" என்றாள். உன் அத்தா வெளியே வந்து மாம்பலம் ஸ்டேஷன் படிக்கட்டில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். எனக்கு அவர்மேல் இருந்த ஆத்திரமெல்லாம் அப்போது எங்கே போயிற்றோ தெரியவில்லை. ஒரு சோடா வாங்கிக் கொடுத்தேன்.

இப்போது சொல்லப்போவதைக் கொஞ்சம் நிதானமாகப் படி. பட்டினப்பாக்கத்தில் ஹவுசிங் போர்டு வீடு ஒன்று. அந்தப் பெண் பேர் எழுதவில்லை, இனிமேலாவது அவள் பேர் எங்கேயும் போக வேண்டாம். நர்ஸாக இருக்கிறாள். அவளுடைய தகப்பனார் குலாம் முகம்மது, ஆட்டோ ஓட்டுகிறவர், நல்ல மனுஷர். "இன்னா பாய், இதுக்கா மூணு மாடி ஏறி வந்துகினு கீறே, குந்து, டீ குடி" என்று உட்கார வைத்தார். அவர் மகன் அஃப்தாப் அப்போதுதான் வெளியிலிருந்து வந்தான். விஷயத்தைக் கேட்டான். கேட்டதும் எங்களைப் பார்க்கவில்லை, தளம் என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. நேரே தங்கச்சி பக்கம் திரும்பினான். "யாருக்கு அனுப்பினே? போனைக் கொடு" என்றான்.

சாய்மா, அதே வார்த்தை. அந்தப் பெண் உன்னை மாதிரி நிமிர்ந்து நிற்கவில்லை. போனைக் கொடுத்துவிட்டுச் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாள். அண்ணன் கை ஓங்கினால் எந்தப் பக்கம் விழும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது, தலையை அந்தப் பக்கத்திலிருந்து ஒதுக்கிக்கொண்டாள்.

உன் அத்தா கையிலிருந்த டீயைக் கீழே வைத்தார். எழுந்து போய் அந்தப் பையனுக்கும் பெண்ணுக்கும் நடுவில் நின்றார். "அவ யாருக்கும் அனுப்பலை தம்பி. என்னை நம்பித்தான் அனுப்புனா. கேக்கணும்னா என்னைக் கேளு" என்றார். அவன் வாய்க்கு வந்ததைப் பேசினான். கிழவா, பொண்ணுங்க படத்தை வெச்சு வியாபாரம் பண்றியா என்றான், ஒரு தள்ளு தள்ளினான். குலாம் முகம்மது குறுக்கே வந்து பிடித்துக்கொண்டார். உன் அத்தா நகரவில்லை. "அவ போனை அவ கையில கொடு, நான் போயிடறேன்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் கொடுத்தான். அதன் பிறகும் இவர் போகவில்லை. "நாளைக்கும் வருவேன், நாளன்னைக்கும் வருவேன், இந்தப் பொண்ணை யாரும் ஒண்ணும் கேக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுத்தான் படி இறங்கினார். சொன்னபடி போய்க்கொண்டும் இருக்கிறார். குலாம் முகம்மதுக்கும் அவருக்கும் இப்போது ஒரே தோஸ்தி.

அன்று பஸ்ஸுக்காக நிற்கும்போது என்னிடம் கேட்டார், "நஸ்ரு, நானும் இதே குரல்லதான் கேட்டேனா?" என்று. பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆமாம், இதைவிட மோசமாக, கூட ஓர் ஆளை உட்கார வைத்துக்கொண்டு கேட்டீர்கள் என்றேன். அவன் இரண்டு நிமிஷம் கழித்துப் போனைக் கொடுத்தான், நீங்கள் இரண்டு நாள் வைத்துக்கொண்டீர்கள் என்றும் சொன்னேன். கொஞ்சம் அதிகமாகத்தான் சொல்லிவிட்டேன். ரோட்டில் அத்தனை பேர் நிற்கும்போது துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். இருபத்தெட்டு வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கிறேன், என் மாமியார் மவுத்தாகி அடக்கம் பண்ணின அன்றுகூட அவர் கண்ணில் தண்ணீர் பார்த்ததில்லை.

ஆம்பூர் சம்பந்தம் போனதைப் பற்றி உனக்கு வருத்தம் இருக்காது என்று தெரியும். எனக்கும் இல்லை. ஒரு படத்தைப் பார்த்து ஓடுகிறவன் எப்படியும் ஓடுவான். திரும்பத் தளத்தைத் திறக்கலாமா என்று ஜமாஅத்தில் கேட்கிறார்கள். ஹஸன், பதிவு இல்லாமல், சரிபார்ப்பு இல்லாமல் ஒரு ஃபைலும் உள்ளே வராது, தலைவர் வந்து சொன்னாலும் அந்தக் கட்டுப்பாட்டை எடுப்பதில்லை என்று ஜமாஅத்தில் எழுதி வாங்கிக்கொண்டுதான் கை வைப்பேன் என்கிறான். ஒருவழியாகச் சண்டை போடக் கற்றுக்கொண்டான் பிள்ளை. தபஸ்ஸும்கூட, கேட்டுத் தொலையுங்கள், நம்பர் தருகிறேன் என்று சொல்லிவிட்டாளாம்.

உன் அத்தா எல்லா வீட்டுக்கும் போய்விட்டார். அடையாறு வீட்டிலும் கடைசியில் கதவைத் திறந்தார்கள். படம் போன பெண்களில் அவர் நேரில் போய்ச் சொல்லாதது ஒருத்தியிடம்தான். உன்னிடம் போனில் சொல்லிவிடுங்கள், வாட்ஸ்அப்பில் எழுதிவிடுங்கள் என்று நானே சொல்லிப் பார்த்தேன். "ஊரான் பொண்ணுக்கு வாசல்ல போய் நின்னேன், என் பொண்ணுக்கு மெசேஜா?" என்று என்மேல் பாய்ந்தார்.

அதனால் நாளைக் காலை பெங்களூர் வண்டிக்கு டிக்கெட் எடுத்திருக்கிறார். இந்தக் கடிதத்தை உன் ஹாஸ்டல் வாட்ச்மேன் உன்னிடம் கொடுத்திருப்பார். வாட்ச்மேனிடம் கொடுத்தது தபால்காரர் இல்லை, மகளே. கேட்டுக்கு வெளியே பார். அங்கேதான் நிற்கிறார்.

நீ படித்து முடிக்கிற வரைக்கும் கூப்பிடக் கூடாது, தன் பேரைச் சொல்லக் கூடாது, சாய்மா பாத்திமாவிடம் இதைக் கொடுங்கள் என்று மட்டும் சொல்ல வேண்டும் என்று நான்தான் சொல்லி அனுப்பினேன். உறையைப் பிரித்துப் படிக்க மாட்டேன் என்று எனக்குச் சத்தியம் பண்ணியிருக்கிறார். என்ன சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரியாது. நேற்று என்னிடம் கேட்டார், என்ன சொன்னால் அவள் கேட்பாள் என்று. அதை நீங்களே தேடிக்கொள்ளுங்கள் என்றுவிட்டேன்.

மன்னித்துவிடு என்று நான் கேட்கவில்லை. அது உன் இஷ்டம், அல்லாஹ்வுக்கும் உனக்கும் நடுவில் உள்ளது. உனக்குத் திட்ட வேண்டுமா, முகத்துக்கு நேரே திட்டு. அன்று நீ பேசாமல் போனைக் கொடுத்தாயே, அன்று பேச வேண்டியதை எல்லாம் இன்று பேசு. எல்லா வீட்டிலும் வாங்கியிருக்கிறார், உன்னிடம் வாங்குவதற்குத்தான் அவ்வளவு தூரம் வந்திருக்கிறார். அறையில் இல்லை, மீட்டிங் இருக்கிறது, அப்புறம் வரச் சொல் என்று மட்டும் வாட்ச்மேனிடம் சொல்லி அனுப்பிவிடாதே. அவர் அங்கிருந்து போகவும் மாட்டார், மறுபடி கேட்கவும் மாட்டார், அப்படியே நின்றுகொண்டிருப்பார். உனக்குத்தான் தெரியுமே அவரை.

அல்லாஹ் உன் பயணத்தை லேசாக்கட்டும், போகிற ஊரில் உன்னை நம்புகிற மனிதர்களையே உன்னைச் சுற்றி வைக்கட்டும். கீழே இறங்கிப் போ கண்ணு. வெயிலில் நிற்கிறார்.

உனக்காகத் தொழுகையில் கையேந்தும்
உன் அம்மா,
நஸ்ருன்னிசா